இலை ஆர்என்ஏவில் கூடுதல் பட்டைகள்

வணக்கம் ஐயா,

புகையிலை இலையிலிருந்து மொத்த ஆர்என்ஏ எடுத்து, ஃபார்மால்டிஹைடு ஜெல்லில் ஓட்டினேன். செல்லின் வழக்கமான ரைபோசோம் ஆர்என்ஏக்களான 25எஸ், 18எஸ் (எஸ் என்பது அளவைக் குறிக்கும் அலகு) பட்டைகளுக்குக் கீழே இன்னும் நான்கு பட்டைகள் தெரிகின்றன. ஆர்என்ஏ சிதைந்துவிட்டது, மறுபடி எடு என்கிறார்கள். ஆனால் அதே முறையில் எடுத்த வேர் மாதிரியில் அவை இல்லை. எதை நம்புவது?

– முதுகலை மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

வேர் மாதிரியை நம்புங்கள். அந்த நான்கும் இலையின் பச்சை உறுப்பான பசுங்கணிகத்துக்குள் இருக்கும், புரதம் செய்யும் ரைபோசோமிலிருந்து வருபவை. வேரில் பசுங்கணிகம் இல்லாததால் அங்கே அவை தெரியவில்லை.

பசுங்கணிக ரைபோசோம் பாக்டீரியாவினுடையதைப் போல 70எஸ் வகை. அதன் 30எஸ் பகுதியில் 16எஸ் ஆர்என்ஏ. 50எஸ் பகுதியில் 23எஸ், 5எஸ், 4.5எஸ். இந்த 4.5எஸ் பாக்டீரியாவில் தனியாகக் கிடையாது. அங்கே 23எஸ்ஸின் வால்முனையாக இருக்கும் துண்டுதான் இங்கே பிரிந்து நிற்கிறது. புகையிலையில் வெறும் 103 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏ சங்கிலியின் கண்ணி) நீளம். பிரிந்தாலும் ரைபோசோமுக்குள் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் சிக்கலுக்குக் காரணம் 23எஸ். சுமார் 2,800 நியூக்ளியோடைடு நீளமுள்ள அது முதிரும்போது இரண்டு இடங்களில் வெட்டுப்படுகிறது. ஆர்என்ஏ மடிப்புகளும் சுற்றியுள்ள புரதங்களும் துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பதால் ரைபோசோம் குலைவதில்லை, வேலையும் நடக்கிறது. நீங்கள் ஜெல்லில் ஏற்றும் முன், மடிப்பை அவிழ்க்கும் ஃபார்மமைடில் 65 டிகிரிக்குச் சூடாக்கியதும் பிடி விட்டு, சுமார் 1,300, 1,100, 500 நீளத் துண்டுகளாகப் பிரிகிறது. அவற்றுக்குச் சற்று மேலே, 1,500 அருகே தெரிவது 16எஸ்.

சந்தேகம் தீர, அதே மாதிரியைச் சூடாக்காமல் சாதாரண அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். துண்டுகள் பெரும்பாலும் சேர்ந்தே நகரும், கீழ்ப்பட்டைகள் மங்கும். வெட்டு எல்லா மூலக்கூறிலும் முழுமையடைவதில்லை, ஆகவே 2,400, 1,700 அருகில் மெல்லிய பட்டைகள் வந்தாலும் பயப்படாதீர்கள். உண்மையான சிதைவு இப்படிக் கூர்மையான பட்டைகளாக வராது. 25எஸ் முதலில் மங்கும், கீழே புகைபோல ஒரு தீற்றல் நீளும். உங்கள் 25எஸ் 18எஸ்ஸைவிடப் பளிச்சென்று இருந்தால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

ஆர்என்ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று கருவி தரும் தர எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். விலங்கு ஆர்என்ஏவுக்கான அமைப்பில் ஓட்டினால் இந்தப் பட்டைகளைச் சிதைவென்று எடுத்துக்கொண்டு எண்ணைக் குறைத்துவிடும். தாவரத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து வரிசையறிதலுக்கு அனுப்புவதாக இருந்தால், ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கும் கிட்டில் பசுங்கணிக 16எஸ், 23எஸ் ஆகியவற்றுக்கான ஆய்விழைகளும் (அவற்றில் ஒட்டிப் பிடிக்கும் குறு இழைகள்) இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இலை மாதிரியில் பணம் முழுக்க இவற்றைப் படிக்கவே போய்விடும்.