மாடிக் குடித்தனக்காரரின் பாக்கி

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். அம்பத்தூரில் எங்கள் வீட்டு மாடியை ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன். பத்து மாத முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். அவர் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். மூன்று மாதமாக வாடகை இல்லை. பாவம் என்று நான் வாய் திறக்கவில்லை. என் மகன் பொறுக்காமல் போன வாரம் இரண்டு முறை மாடிக்குப் போகும் தண்ணீரை அடைத்துவிட்டான். இந்தக் காலத்தில் இரக்கப்படுகிறவன் ஏமாளிதானா? வாடகையைக் குறைப்பதா, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கையில் அவருடைய பணம் 80,000 ரூபாய் இருக்கிறது. அவர் தர வேண்டியது 24,000. இன்றைக்குக் கடன்பட்டிருப்பது அவரா, நீங்களா? இந்தக் கணக்கைப் போடாமல் ஏமாளி என்ற சொல்லை எப்படி எழுதினீர்கள்?

வாடகையைக் குறைப்பதும் குறைக்காததும் உங்கள் விருப்பம். என்னை உறுத்துவது, ‘வாய் திறக்கவில்லை’ என்று நீங்கள் பெருமையாக எழுதியிருப்பது.

1991இல் நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். அப்பா அச்சகத்தில் எழுத்துக்கோப்பவர். ஆஃப்செட் வந்ததும் அவருடைய அச்சகத்தில் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். வாடகை 300 ரூபாய், முன்பணம் 1,500. வீட்டுக்காரர் ஐந்து மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரே வந்தால் சிரிப்பார். அம்மா அவரைத் தெய்வம் என்றே சொல்வாள். ஆறாம் மாதம் முதல் வாரத்தில், எனக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாலை அவர் வந்து எங்கள் பியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அந்தப் பை புடைத்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மறுநாள் கணக்குத் தேர்வு. நடைபாதை விளக்கின் கீழே உட்கார்ந்து படித்தேன். கழிப்பறைக்குப் போகிற ஒவ்வொருவரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முன்பணம் முழுவதும் கழிந்திருந்தது. இரண்டாம் மாதமே அவர் அப்பாவை உட்காரவைத்துப் பேசியிருந்தால், மிச்சமிருந்த 900 ரூபாயைக் கொண்டு வியாசர்பாடிப் பக்கம் சின்னதாக ஓர் இடம் பிடித்திருப்போம். குடித்தனக்காரனுக்கு முன்பணம்தான் அடுத்த வீட்டின் சாவி. அது கரைகிறவரை சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, கரைந்தபின் விளக்கை அணைப்பதை என்னால் இரக்கம் என்று சொல்ல முடியாது. அம்மாவின் பித்தளை அண்டாவும் தவலையும் போய்த்தான் அடுத்த வீட்டுக்கு முன்பணம் வந்தது.

ஆகவே பேசுங்கள். படிக்கட்டில் நின்று தெருவுக்குக் கேட்கும்படி அல்ல. அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் அவரையும் அவர் மனைவியையும் உட்காரவைத்து, 80,000இல் 24,000 போக 56,000 நிற்கிறது என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். வேறு வேலைக்கு வழி தெரிகிறதா, எத்தனை மாதம் ஆகும் என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால், இதைவிடக் குறைந்த வாடகைக்குப் போக இப்போதே கையில் பணம் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். அவருக்குக் கசக்கும், உங்களுக்கு அதைவிடக் கசக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் போவதானால் மிச்சப் பணத்தை வீட்டைக் காலி செய்யும் அன்றே கொடுங்கள். வெள்ளையடிக்க, குழாய் மாற்ற என்று கை வைக்காதீர்கள்.

நோட்டீஸைப் பற்றிக் கேட்டீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத பாக்கி நின்றால் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம். கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு அவர் கட்டிவிட்டால், அந்த பாக்கியைக் காட்டி வெளியேற்ற முடியாது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். பத்து மாதம் வாங்கியவர் நீங்கள்.

தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தவே கூடாது என்றும் அதில் இருக்கிறது. பாக்கி எவ்வளவு இருந்தாலும் கூடாது. உங்கள் மகனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். படித்துவிட்டு அவரே கீழே இறங்கி அந்த வால்வைத் திறக்கட்டும்.