நாய் கடித்த மான் சோளக்காட்டுக்குள் புகுந்துவிட்டால்

தம்பி, சத்தியமங்கலம் பக்கம் உங்கள் தோட்டத்தில் நாய் கடித்த புள்ளிமான் சோளக்காட்டுக்குள் போய்விட்டது, தேடிப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து துரத்தாதீர்கள், விரட்ட விரட்ட அந்தப் பதற்றத்திலேயே தசை கெட்டு, காயத்துக்குப் பிழைத்திருக்க வேண்டிய மான்கூடச் செத்துப்போகும். முதலில் நாய்களைக் கட்டிவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அப்புறம் கடைசியாக ரத்தம் பார்த்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, தடத்தை மிதிக்காமல் ஓரமாக நின்று பாருங்கள்: நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரலில் காயம், பச்சையாகக் கலங்கி நாற்றம் அடித்தால் குடல் கிழிந்திருக்கும், வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். விரட்டாமல் விட்டால் பெரும்பாலும் பக்கத்திலேயே, கிளுவை வேலி ஓரமோ பள்ளத்துப் புதரிலோ படுத்துக்கொள்ளும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். செத்துக் கிடந்தாலும் தொடவேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டப்படி அது அரசுச் சொத்து.