ரயிலுக்கு ஜாமீன் நின்றது யார்?

கேள்வி: ஆங்கிலேயர் தங்கள் நாட்டுப் பணத்தைக் கொட்டி நமக்கு ரயில் பாதை போட்டுத் தந்தார்கள். அந்த நன்றியைக்கூட உங்கள் பத்திரிகை மறந்துவிட்டதே?
– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: பணம் லண்டனில் திரட்டப்பட்டது மெய்தான், அதற்கு யார் ஜாமீன் நின்றார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். 1849-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ரயில் நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி, ரயிலில் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி உறுதி; வருமானத்தில் துண்டு விழுந்தால் அதை இந்தியாவின் வருவாயிலிருந்து, அதாவது பெரும்பகுதி குடியானவர் கட்டிய நிலவரியிலிருந்து, ஈடுகட்ட வேண்டும். பாதைக்கான நிலமோ 99 ஆண்டுகளுக்கு இலவசம். தொழில் கசந்துபோனால், ஆறு மாத அறிவிப்புக் கொடுத்துப் பாதையை அரசின் தலையில் கட்டிவிட்டு, போட்ட முதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. இப்படியொரு வியாபாரம் கிடைத்தால் உங்களுக்கும் எனக்கும்கூடத் துணிச்சல் வந்துவிடும்.

நஷ்டமே இல்லாத இடத்தில் சிக்கனத்துக்கு என்ன வேலை? மைலுக்கு 8,000 பிரிட்டிஷ் பவுன் என்று போட்ட கணக்கு, 1860-களின் முடிவில் ஏறத்தாழ 18,000 பவுனில் வந்து நின்றது. மலைச்சரிவு, பெரிய ஆறுகள், 1857 கிளர்ச்சி ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாஸி, 1872-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன், இந்திய வருவாயிலிருந்து 5 விழுக்காடு உறுதியாகக் கிடைக்கும்வரை, தான் கொடுத்த பணம் ஹூக்ளி ஆற்றில் வீசப்பட்டாலும் செங்கல்லாக எழுந்தாலும் ஆங்கில முதலாளிக்கு ஒன்றுதான் என்ற பொருள்படச் சாட்சியம் அளித்தார். அவர் எங்கள் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்தவர் அல்லர்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து, இன்று வாலாஜா ரோடு என்று வழங்கும் நிலையம்வரை வண்டி விட்ட மதராஸ் ரயில்வே நிறுவனமும் இதே உத்தரவாதத்தில் நடந்ததுதான். பாதைகள் எதற்காக என்பதை, படைகளை விரைவாக நகர்த்தவும் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரவும் உதவும் என்று அன்றைய கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி 1853-ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே எழுதிவைத்தார். பொதுமக்கள் கூட்டம் கூட்டமாக மூன்றாம் வகுப்பில் ஏறி வருமானம் தந்தது அவருடைய திட்டத்தின் மையம் அன்று.

இந்த ஏற்பாடு கட்டுப்படியாகாது என்று கண்டு, 1869-இல் அரசே நேரடியாகப் பாதை போட முன்வந்தது. அப்படியும், 1900-ஐ ஒட்டித்தான் ரயில் கணக்கு மொத்தத்தில் அரசுக்கு மிச்சம் காட்டத் தொடங்கியது. அதுவரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு விழுந்த துண்டை, ரயிலைக் கண்ணால் பார்த்திராத கிராமத்தானும் சேர்ந்தே கட்டினான்.