32 பார் என்றால் 16 ஆவர்த்தனம்

கேள்வி: என் மகள் எட்டு வருடமாகக் கர்நாடக சங்கீதம் கற்கிறாள், ஐந்தரைக் கட்டை சுருதி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அமெரிக்கக் கல்லூரியில் மியூசிக்கல் தியேட்டர் (பாட்டும் நடிப்பும் சேர்ந்த மேடை நாடகம்) படிக்க ஆசைப்படுகிறாள். ஆடிஷனுக்குப் பாட்டும் மோனோலாக்கும் (ஒருவரே பேசும் நாடகப் பகுதி) எப்படித் தேர்வு செய்வது?
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: பல கல்லூரிகள் முதலில் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் நேரில் அழைக்கும். வழக்கமாகக் கேட்பது இரண்டு பாட்டு: ஒன்று 1940, 50களின் பிராட்வே (நியூயார்க் நாடக மேடை) பாணியில், மற்றது சமீபத்தியது. எந்த ஆண்டை எல்லையாக வைக்கிறார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதைப் பார்த்த பிறகே பாட்டைத் தேடுங்கள்.

முழுப் பாட்டுக்கு இடமில்லை. கேட்பது '32 பார்' போன்ற ஒரு துண்டுதான். பார் என்பது மேற்கத்திய இசையில் தாளத்தின் ஒரு கட்டம். பாருக்கு நான்கு அடி வீதம், 128 அடி. எட்டு அடி கொண்ட நம் ஆதி தாளத்தில் 16 ஆவர்த்தனம், அதாவது 16 சுற்று. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் 64 நொடி, 80 என்றால் 96 நொடி. நேர வரம்பு 90 நொடியாக இருந்தால் மெதுவான பாட்டு உதைக்கும்.

சுருதி சுத்தத்தைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். தொல்லை தருவது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் பழக்கம். கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய பாணிப் பாட்டில் ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும். நீட்டிப் பிடிக்கும் கார்வையின் கடைசியில் லேசான அதிர்வு போதும். இன்னொன்று, கட்டை என்பது ஆதார ஷட்ஜம், அதாவது 'ச' நிற்கும் இடம்தான். அங்கே பார்ப்பது குரல் எதுவரை ஏறுகிறது என்பதை. காலையில் எழுந்ததும் உச்ச ஸ்வரத்தை ஐந்து முறை பாடட்டும். ஒரு முறை பிசிறினாலும் அந்தப் பாட்டு வேண்டாம், அல்லது சுருதியை இறக்குங்கள். ஆனால் "அரைக் கட்டை குறைத்து வாசியுங்கள்" என்று பியானோக்காரரிடம் நேரில் கேட்கக் கூடாது. அவர் தாளில் இருப்பதை வாசிப்பவர். சுருதி மாற்றி எழுதிய இசைத்தாளில் (ஸ்கோர்) எடுப்பு, முடிப்பு, வேகம் குறித்துக் கொடுக்க வேண்டும்.

மோனோலாக் அச்சில் வந்த நாடகத்திலிருந்து, அவள் வயதுக்கேற்றதாக இருக்கட்டும். 90 நொடிக்கு ஏறக்குறைய 200 ஆங்கிலச் சொற்கள். பழங்கதை சொல்லும் பகுதி சோர்ந்துவிடும். எதிரே இருப்பவரிடம் எதையாவது கேட்டுப் போராடும் பகுதிதான் நிற்கும். முழு நாடகத்தையும் படிக்காமல் அந்தப் பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்தால், "அவர் யார், என்ன பதில் சொன்னார்?" என்ற முதல் கேள்வியிலேயே குட்டு வெளிப்படும். அமெரிக்க உச்சரிப்பை வரவழைக்க வேண்டாம்.

வீடியோவுக்கு மொபைலைப் படுக்கைவாட்டில் வையுங்கள். பியானோ டிராக் ஒலிக்கும் ஸ்பீக்கர் மொபைலுக்குப் பின்னால் இருந்தால் குரல் அமுங்காது. வீடியோ அனுப்பக் கெடு பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வரும். மும்பையில் அது கணபதி ஊர்வலமும் தீபாவளி வெடியுமாக இருக்கும். ஆகஸ்டு தொடக்கத்திலேயே பதிவை முடித்துவிடுங்கள்.