95 கிலோ ஆளுக்கு எம்டிபி (மவுண்டன் பைக் சைக்கிள்) ரிம் எது தாங்கும்?

95 கிலோ, மண்டபம் பக்கம் ஓட்டுறேன், ரிம் லைட்டாவும் இருக்கணும் வளையவும் கூடாதுன்னு கேட்டிருக்கீங்க. கிராம் கணக்கு அப்புறம், முதல்ல ஸ்போக்க பாருங்க தம்பி, 28 ஓட்டை வேணாம், 32 ஓட்டை டபுள்வால் (ரெண்டு அடுக்கு சுவர்) அலாய், உள்அகலம் 25லருந்து 30 எம்எம், 29 இன்ச்சுன்னா ஒரு ரிம் 500 கிராம் சுத்தி இருந்தா சரியா வரும், 400க்குக் கீழ உள்ள ரேஸ் ரிம் பக்கமே போகாதீங்க. பட்ஜெட் இடிச்சா பின்னாடி மட்டும் ஸ்ட்ராங்கா போடுங்க, லோடு அங்கதான் ஜாஸ்தி.

நம்ம பக்கம் ரிம்முக்கு முன்னாடி போறது நிப்பிள்தான், அதான் ஸ்போக்க ரிம்மோட பிடிக்கிற குட்டி நட்டு. உப்புக்காத்துல அலுமினிய நிப்பிள் வெள்ளையா பூத்து ஸ்போக்கோட இறுகிடும், ஸ்போக் கீ போட்டு திருப்புனா முனை மழுங்கி சும்மா சுத்தும். கார்பன் ரிம்ல இன்னும் சீக்கிரம் அரிக்கும். பித்தளை நிப்பிள், ஸ்டெயின்லெஸ் ஸ்போக்குன்னு கேட்டு வாங்குங்க. தனுஷ்கோடி மணலுக்குக் காத்தக் குறைச்சா, ரோட்டுக்கு ஏறுறப்ப மறக்காம திரும்ப அடிச்சிருங்க, இல்லன்னா முதல் குழியிலயே ரிம் நெளிஞ்சிரும்.