டீச்சரம்மா பதில்கள்: தேதியைக் கேளுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில். எனக்கு அதில் வருத்தமில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வராமல் கிரிக்கெட் ஆடப் போனவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. தமிழாக்கிச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

*அக்கா, என் மகனுக்கு ஒன்பது வயது. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளைப் படிக்கத் திணறும் கற்றல் குறை, இருப்பதாகத் தனியார் சைக்காலஜிஸ்ட் சொல்லிவிட்டார். டர்பனிலேயே ஃபீனிக்ஸிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு வீடு மாறலாமா என்று யோசிக்கிறோம். இரண்டும் வேறு வேறு கல்வி மாவட்டம். சிறப்புக் கல்வியில் எது நல்ல மாவட்டம்? அமெரிக்காவில் ஒவ்வொரு மாவட்டத்தின் கணக்கையும் வெளியிடுகிறார்கள் என்கிறாள் என் நாத்தனார். நம் தென்னாப்பிரிக்காவில் எந்தப் பட்டியலைப் பார்ப்பது?*
— ஒரு தாய், ஃபீனிக்ஸ்

தங்கச்சி, ஜனவரி மாதம் மெட்ரிக் (கிரேட் 12) தேர்ச்சி வரிசை வரும்போது எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி என்று ஊரே பேசும். அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். அது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. கிரேட் 10-இல் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய பிள்ளை அந்தக் கணக்கில் வகுக்கும் எண்ணிலும் இல்லை, வகுபடும் எண்ணிலும் இல்லை. படிக்கத் திணறுகிற பிள்ளைகளை வழியிலேயே உதிர்த்துவிட்ட மாவட்டம்கூட ஜனவரியில் மாலை போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் நாத்தனார் சொல்வது உண்மைதான். அமெரிக்காவில் 1975-இல் வந்த சட்டம் உடற்குறை, கற்றல் குறை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற கல்வியைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்றது. இன்று மாநிலங்கள் மாவட்டவாரியாகப் பல அளவைகளை வெளியிடுகின்றன. எத்தனை பேர் பள்ளியை முடித்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், எத்தனை பேர் தண்டனையாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், பள்ளி நேரத்தில் 80 சதவீதமோ அதற்கு மேலோ பொது வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், பள்ளியை விட்ட ஓராண்டில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போனவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் நீளும். கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்தது. பிள்ளை வாசலைத் தாண்டிய பிறகும் அவனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார்களே!

ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றை இங்கே கொண்டுவரலாம் என்று எனக்கு வரம் கிடைத்தால், நான் கேட்பது நாட்கணக்கை. அங்கே, பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள், அல்லது மாநிலம் தானே வகுத்த கெடுவுக்குள், முதல் மதிப்பீடு முடிய வேண்டும். எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி முடிந்தது என்று மாவட்டம் பதில் சொல்லியாக வேண்டும்.

ஏன் இதைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று கேட்பீர்கள். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நம் நாட்டில் 2014-இல், உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து ஆதரவு தருவதற்கான எஸ்.ஐ.ஏ.எஸ். கொள்கை வந்தபோது வாங்கியது. அந்தக் கொள்கைப்படி மூன்று படிகள் உண்டு. வகுப்பாசிரியர் எஸ்.என்.ஏ. 1 என்ற ஆதரவுத் தேவை மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புவார். பள்ளி ஆதரவுக் குழு எஸ்.என்.ஏ. 2 எழுதும். அதற்கும் மேல் உதவி தேவைப்பட்டால் மாவட்டக் குழு எஸ்.என்.ஏ. 3-ஐக் கையில் எடுக்கும். என் நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு கட்டம் கோடு போட்டு வைத்திருந்தேன்: ஆசிரியர் எழுதிய தேதி, பள்ளியை விட்டுத் தாள் கிளம்பிய தேதி, மாவட்டத்திலிருந்து ஆள் வந்த தேதி, வகுப்பறையில் ஏதாவது மாறிய தேதி. நான்காவது கட்டம் பல வரிகளில் வெறுமையாகவே கிடக்கிறது.

ஒரு பையன், கிரேட் 3. ‘கவனமில்லை, முரடன், சொன்ன பேச்சுக் கேட்பதில்லை’ என்று அவனுடைய முதல் படிவத்தில் எழுதியிருந்தது. நான் ஒருநாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவனுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்து பேசினால் பதில் வரவில்லை. வலப்பக்கம் மாறி உட்கார்ந்தேன். கோழி தலையைச் சாய்ப்பதுபோலச் சாய்த்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னான். டர்பன் கோடை மழை வகுப்பறைக் கூரையில் விழத் தொடங்கியதும் மறுபடியும் முரடனாகிவிட்டான். காது! பிப்ரவரியில் முதல் படிவம், ஏப்ரலில் இரண்டாவது. மாவட்டத்திலிருந்து ஆள் வந்தது மறு வருடம் அக்டோபரில். அதற்குள் அவன் கிரேட் 4-க்குப் போயிருந்தான், கடைசி வரிசையில். இருக்கையை முன்வரிசையில் அவனுக்கு இடப்பக்கச் சுவர் ஓரமாகப் போட ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதை நான் அன்றே செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும். மேலிடத்து முத்திரைக்காகக் காத்திருந்ததில் என் பங்கும் உண்டு.

அந்த ஆண்டுக் கணக்கில் அவன் ‘ஆதரவு பெற்ற மாணவர்: ஒருவர்’. மூன்றே வாரத்தில் கண்ணாடியும் பெரிய எழுத்துப் புத்தகமும் கிடைத்த ஒரு பெண் பிள்ளையும் ‘ஒருவர்’தான். தலையை எண்ணினால் இரண்டும் ஒன்று. தேதியை எண்ணினால் மட்டுமே இருபது மாதம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆகவே நல்ல மாவட்டம் எது என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தெரு தள்ளி இருக்கும் இரண்டு பள்ளிகள் கிழக்கும் மேற்குமாக இருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டு முன்பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் சேர்க்க நினைக்கும் பள்ளிக்குப் போய், ஆதரவுக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது என்று கேளுங்கள். ‘அடிக்கடி கூடுகிறோம்’ என்பது பதில் அல்ல. மாவட்டக் குழுவிடம் அனுப்பிய கடைசித் தாளுக்கு எத்தனை நாளில் ஆள் வந்தது என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்பதால் இன்னொன்றும் கேட்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துக் காட்டுபவர், சொல்வதை எழுதித் தருபவர் ஆகிய சலுகைகளுக்கு அந்தப் பள்ளி எந்த வகுப்பிலிருந்து விண்ணப்பிக்கிறது? விண்ணப்பமெல்லாம் கிரேட் 12-இல் குவிந்தால், பிள்ளையின் கஷ்டம் அவர்கள் கண்ணில் படப் பதினேழு வயது ஆகிறது என்று பொருள்.

மாவட்ட அலுவலகம் வாய் திறக்காவிட்டால் 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தால் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பெயரைக் கேட்காதீர்கள், தர மாட்டார்கள், தரவும் கூடாது. எத்தனை தாள் வந்தது, எத்தனை முடிந்தது, சராசரி எத்தனை நாள் என்று மட்டும் கேளுங்கள்.

*எங்கள் மாவட்டத்தில் ஃபுல் சர்வீஸ் பள்ளிகள் (குறையுள்ள பிள்ளைகளுக்கும் வேண்டிய ஆதரவு தரும் பொதுப் பள்ளிகள்) பெருகிவிட்டன என்று பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்கள். நம்பலாமா?*
— வாசகர், லெனேசியா

பள்ளி வாசலில் மாட்டிய பலகையை நம்பலாம், அது கண்ணுக்குத் தெரிகிறது. 2001-இல் சிறப்புக் கல்வி பற்றி அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை 6, இருபதாண்டுத் திட்டமாக, சுமார் 500 தொடக்கப் பள்ளிகளைப் படிப்படியாக அப்படி மாற்றுவதாகச் சொன்னது. நல்ல நோக்கம். இனவாரியாகப் பிரித்து வைத்திருந்த காலத்தில் சிறப்புப் பள்ளிகளின் வசதியெல்லாம் யாருக்குப் போனது என்று நம் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பள்ளியை எண்ணுவது பிள்ளையை எண்ணுவதாகாது. ஒரு பள்ளியில் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தைப் பார்த்தேன், புதுச் சிமென்ட், மஞ்சள் கைப்பிடி. அது போய் முடிகிற இடத்தில் கழிப்பறை வாசலுக்கு இரண்டு படிகள். போய்ப் பாருங்கள். போகும்போது கழிப்பறையையும் பாருங்கள்.

*என் தங்கை மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். அங்கே எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது, அதனால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்கிறான். நாமும் மாவட்டங்களுக்கு இலக்கு வைத்தால் என்ன?*
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஹூஸ்டன் பையனா! அவன் ஊர்ப் பத்திரிகையைத்தான் முதலில் படிக்கச் சொல்ல வேண்டும். டெக்சாஸ் மாநிலம் 2004-இல் ஒரு அளவுகோல் வைத்தது. சிறப்புக் கல்வியில் இருக்கும் பிள்ளைகள் மொத்தத்தில் 8.5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாவட்டத்துக்கு மதிப்பெண் குறையும். தேவையில்லாத பிள்ளைகளைச் சேர்த்துவிடக்கூடாது என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். மாவட்டங்கள் என்ன செய்தன? வாசலைச் சாத்தின. 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தது, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சரியாக 8.5-க்கு வந்து நின்றது. அப்போது நாடு முழுவதும் சராசரி சுமார் 13 சதவீதம். டெக்சாஸ் தண்ணீரில் மட்டும் பிள்ளைகளுக்குக் குறை நீங்கிவிட்டதா? 2016-இல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் இதை வெளியே கொண்டுவந்தது. 2017-இல் அந்த மாநிலச் சட்டமன்றமே இப்படி உச்சவரம்பு வைக்கத் தடை போட்டது. 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்று சொல்லிவிட்டது.

ஆக, எண்ணிக்கைக்கு இலக்கு வைத்தால் எண்ணிக்கை வந்துவிடும், பிள்ளைதான் வராது. நாட்கணக்கிலும் இதே தில்லுமுல்லுக்கு இடமுண்டு. முதல் படிவத்தை வாங்காமலே தள்ளிப்போட்டால் கடிகாரமே ஓடாது. அதனால்தான் பெற்றோர் கேட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்கிறேன். உங்கள் கடிதத்தின் நகலை நீங்களே வைத்திருங்கள், தேதி போட்டு. அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு கொலராடோ மாவட்டத்து வழக்கில் இன்னொன்றும் சொன்னது: பேருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் என்பது போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்குத் தக்க உயர்ந்த இலக்கு வேண்டும். ஒன்பது நீதிபதிகள் உட்காரும் இடத்தில் அன்று எட்டுப் பேர்தான் இருந்தார்கள். எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

*பேரன் எழுத்துகளைத் திருப்பித் திருப்பி எழுதுகிறான். பள்ளியில் தாள் நிரப்பினால் பையன் மேல் முத்திரை விழுந்துவிடும் என்று மருமகள் தடுக்கிறாள். நான் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருக்கிறேன்.*
— ஒரு பாட்டி, டோங்காட்

காவடி எடுங்கள் அம்மா, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். தாளையும் நிரப்பச் சொல்லுங்கள். முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது, ‘மக்கு’ என்று. அதைப் பக்கத்து பெஞ்சுப் பையன் குத்தியிருப்பான். தாளில் எழுதுவது அதைவிடப் பதமாகத்தான் இருக்கும். மருமகளிடம் சண்டை வேண்டாம். அவள் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

*நீ எப்போதும் மாவட்டத்தைத்தான் திட்டுகிறாய். ஒரு சைக்காலஜிஸ்ட் எத்தனை பள்ளிகளுக்கு ஓடுவார் என்று யோசித்தாயா? வாகனமும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது.*
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சாட்ஸ்வொர்த்

அண்ணா, கையெழுத்தைப் பார்த்ததுமே நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண்மணி தன் சொந்தக் காரில், பின்சீட்டு முழுக்கக் கோப்புகளோடு வந்து இறங்கியதை நானும் பார்த்தேன். மதியச் சாப்பாடு ஒரு கால் ‘பன்னி சௌ’ (கால் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது), அதுவும் ஸ்டியரிங்குக்கு முன்னால். அவர் சோம்பேறி அல்ல. ஆனால் ‘இந்த ஆண்டு இத்தனை பிள்ளைகளுக்கு உதவினோம்’ என்று எழுதி அனுப்பினால் மேலிடம் ‘சபாஷ்’ என்று கோப்பை மூடிவிடும். ‘சராசரியாக இருபது மாதம் காக்க வைத்தோம், இரண்டு ஆள் கொடுங்கள்’ என்று எழுதினால்தான் அந்தக் கோப்பு மேசையில் திறந்து கிடக்கும். நாட்கணக்கு அவருக்கு எதிரியல்ல, அவர் கையில் இருக்கும் ஒரே கைத்தடி.

மேலும், தாமதம் முழுவதையும் மாவட்டத்தின் தலையில் கட்ட நான் தயாராக இல்லை. என் நோட்டின் முதல் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி பள்ளிக்கு உள்ளேயே நடந்தது. 2015-இல் நான் நிரப்பி உங்கள் கையில் கொடுத்த இரண்டு படிவங்களுக்கு இரண்டாம் கட்டத்தில் இன்னும் தேதி இல்லை. உங்கள் பழைய மேசையின் இடப்பக்க இழுப்பறை சிக்கிக்கொள்ளும், கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். இப்போது அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லித் திறந்து பாருங்கள், அண்ணா.