உளவளத்துணை கற்பிக்க வரும் இளையவர்களுக்கு: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உளவளத்துணை (கவுன்சலிங்) படித்த இளையவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

கல்லடி: மிஸ், டிப்ளோமா முடித்துவிட்டேன். எனக்குப் படிப்பிக்கத்தான் விருப்பம். நேரே அந்தப் பக்கம் போகலாமா?

போகலாம், ஆனால் முதலில் கொஞ்சக் காலம் துணைநாடி வருபவர்களோடு வேலை செய்யுங்கள். அமெரிக்காவில் இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் காக்ரெப், முதுநிலை மாணவரிடமே 100 மணிநேர ஆரம்பப் பயிற்சியும் அதன் பிறகு 600 மணிநேரக் களப்பயிற்சியும் கேட்கிறது. அங்கே கலாநிதிப் படிப்பில் உளவளத்துணை, மேற்பார்வை (மற்ற உளவளத்துணையாளரின் வேலையைக் கேட்டு வழிகாட்டுவது), கற்பித்தல், ஆய்வு, தலைமைத்துவம் எல்லாம் வரும். படிப்பித்தல் அதில் ஒரு பங்குதான்.

ஒலுவில்: வெளிநாட்டு இளம் விரிவுரையாளர்கள் விளையாட்டுச் சிகிச்சை, பாடசாலை உளவளத்துணை, பல பண்பாட்டவருக்கான உளவளத்துணை என்று தங்கள் துறையைச் சொல்கிறார்கள். நான் எதை எடுப்பது?

அந்தப் பட்டியலைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். உங்களிடம் வந்தவர்களில் யாருக்கு உதவ முடியாமல் தவித்தீர்களோ, அங்கே தொடங்குங்கள். நம் பக்கத்தில் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. 1990களில் மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் மட்டக்களப்புக்கு வந்து, காணாமல் போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வமாடுபவர்களிடம் வாக்குக் கேட்டதை ஆராய்ந்தார். வெளியே சொல்லப் பயந்த துயரத்தை அந்தத் தாய்மார் அங்கே சொல்லி அழ முடிந்தது. உளவளத்துணை மாணவருக்கு இதை யார் படிப்பிக்கிறோம்? 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் போரில் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக விளையாடினார்கள், வரைந்தார்கள், கதை சொன்னார்கள். விளையாட்டுச் சிகிச்சையில் விருப்பமென்றால் இதைவிட நல்ல தொடக்கம் எங்கே தேடுவீர்கள்? சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இன்று தாங்களே பெற்றோர். அவர்களிடம் அந்த இழப்பு இப்போது எப்படி இருக்கிறது என்பதும் பெரிய ஆய்வுதான்.

களுவாஞ்சிகுடி: பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். கஷ்டமான விஷயம் வந்தால் கலந்துபேச ஆளில்லை. மேற்பார்வை என்று புத்தகத்தில் படித்ததோடு சரி.

என்னை அதிகம் வருத்துவதும் இதுதான். பயிற்சிப் பட்டறைகள் வந்து போகின்றன, சான்றிதழும் கிடைக்கிறது. அப்புறம் பயிற்சி பெற்றவர் தனியே விடப்படுகிறார். மேற்பார்வை இல்லாமல் நல்ல உளவளத்துணையாளரும் களைத்துப்போவார்.

பக்கத்துப் பிரதேசங்களில் இருக்கும் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடுங்கள். ஒருவர் தன்னிடம் துணைநாடி வந்தவரின் விஷயத்தை முன்வைக்கட்டும், மற்றவர்கள் உடனே அறிவுரை சொல்லாமல், "அவர் அதைச் சொன்னபோது உங்களுக்குள் என்ன நடந்தது?" என்று கேட்கட்டும். இப்படிப் பேசப்போவதை வந்தவரிடம் சொல்லி முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. எழுவான்கரையில் (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள கரையோரத்தில்) ஊரையும் தொழிலையும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதனால் அவற்றையும் விடுங்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர் என்றால் கூட்டம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் கொடுங்கள்.

இந்தக் கூட்டத்தை விடாமல் நடத்துகிற ஆளைத்தான் நான் வளர்ந்துவரும் தலைவர் என்பேன்.

சம்மாந்துறை: பதவி இல்லாமல் தலைமை எப்படி மிஸ்?

மேலே சொன்னதற்கு எந்தப் பதவி வேண்டும்? அமெரிக்காவில் உளவளத்துணைக் கல்விக்கும் மேற்பார்வைக்குமான சங்கம் இளையவர்களைத் தலைமைக்குத் தயார்படுத்தத் தனித்திட்டமே வைத்திருக்கிறது. இங்கே அப்படி அமையும்வரை நீங்களே ஒரு மூத்தவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்கமாட்டார்கள்.

திருக்கோவில்: ஆங்கிலம் குறைவு. இந்தத் துறையில் முன்னேற முடியுமா?

வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலம் தேவை, அதைத் தள்ளிப்போட வேண்டாம். வாரம் ஒரு கட்டுரையை அகராதியோடு வாசித்து, விளங்கியதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். நம் மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்புகள் மிகக் குறைவு, நீங்கள் எழுதுவதை வகுப்பில் கொடுக்க நான் தயார்.